மீண்டவரும் மீட்டவரும்

கார்த்திகை மாதம் மதுரைக்குத் தெற்கே வலையங்குளம், எலியார்பத்தி, பாரப்பத்திப் பக்கம் போனால் மல்லித் தோட்டங்களைப் பார்க்க மனசு கேட்காது. பங்குனியிலிருந்து ஊரை மணக்க வைத்த செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டிருப்பார்கள். இலை இருக்காது. பழுப்பு நிறத்தில் குச்சி குச்சியாக நிற்கும். முதல்முறை பார்ப்பவர், யாரோ பகையில் செய்த வேலை என்றே நினைப்பார். தோட்டத்துக்காரர்கள் இதைக் கவாத்து என்கிறார்கள்.

மல்லி, புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய கிளை எவ்வளவு தடித்திருந்தாலும் அதிலிருந்து புதுசாக ஒன்று கிளம்பினால்தான் பூ. அதனால்தான் வெட்டு. வெட்டியதோடு யாரும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. தூரைச் சுற்றிக் கொத்துகிறார்கள், எரு வைக்கிறார்கள், தண்ணீர் கட்டுகிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: "விட்டிருச்சா?" தளிர் விட்டதா என்று அர்த்தம். கணுவுக்குக் கணு அரிசிமுனை போலப் பச்சை எட்டிப் பார்த்த அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. பங்குனி வெயில் ஏறியதும் மொட்டு. விடியுமுன் பறித்து, மாட்டுத்தாவணிச் சந்தைக்கு ஏற்றி, பொழுது சாயும்போது யார் தலையிலோ அது மலர்கிறது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான் திரும்பி வருகிறது. அந்தச் செடியின் கன்றுகூட இந்த மண்ணில் பிறந்ததில்லை. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்டு இங்கே வந்து சேர்கிறது.

வெட்டுப்பட்டது மறுபடி கிளம்புவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் புழங்குகிறது: ரெசிலியன்ஸ். பேரிடர் மேலாண்மைக் கூட்டத்திலும், வங்கி அறிக்கையிலும், பள்ளிக்கூடத்து மனநல வகுப்பிலும் அது இல்லாமல் பேச்சு நகர்வதில்லை. தமிழில் மீள்திறன், நெகிழ்திறன், மீண்டெழும் ஆற்றல் என்று பலவாறு எழுதிப் பார்த்தோம். மீள்திறன் கொஞ்சம் நிலைத்திருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் மதுரைத் தெருவிலும் வயற்காட்டிலும் புழங்கும் சொற்களுக்குப் பக்கத்தில் வைத்தால், அதில் ஒரு பாதி விடுபட்டுப்போயிருப்பது தெரிகிறது. அந்தப் பாதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

துள்ளியது எங்கே?

லத்தீனில் 'சலீரெ' என்றால் துள்ளுவது. அதன் முன்னால் 'ரெ' சேர்ந்து, 'ரெசிலீரெ', வந்த வழியே துள்ளித் திரும்புவது என்றானது. அந்தத் துள்ளலுக்கு நாம் தினமும் பார்க்கிற பிள்ளைகள் பலர். ஒருவர் மேல் பாய்வது அசால்ட். வார்த்தையால் பாய்வது இன்சல்ட். மே மாதம் வீடுதோறும் வயிற்றைக் கலக்கும் ரிசல்ட்டும் இதே குடும்பம்தான். செய்த வினையிலிருந்து எகிறித் திரும்பி வந்தது எதுவோ, அதுதான் முடிவு.

1620-களில் பிரான்சிஸ் பேக்கன் எதிரொலியைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லை எடுத்தார். சுவரில் மோதிய ஒலி எகிறித் திரும்புகிறதே, அதற்கு. இரண்டு நூற்றாண்டு கழித்து அது பொறியாளர் கைக்கு வந்தது. 1807-ல் அச்சான தன் விரிவுரைகளில் தாமஸ் யங், அடி தாங்கும் பொருள்களின் வலிமையைச் சொல்ல இதைப் பயன்படுத்தினார். 1818-ல் தாமஸ் டிரெட்கோல்டு, மர உத்தரங்கள் திடீர்ச் சுமையை எப்படி ஒடியாமல் ஏற்கின்றன என்பதற்கு இதையே வைத்துக்கொண்டார். வளைக்கும்போது உள்ளே சேர்ந்த விசையை விட்டதும் திருப்பிக் கொடுப்பது, மரத்துக்கும் எஃகுக்கும் உள்ள குணம். யார் உதவியும் வேண்டாம். கையை எடுத்தால் போதும், வில் நிமிரும்.

1973-ல் கனடாவின் சூழலியலாளர் ஹாலிங் இந்தச் சொல்லைக் காட்டுக்குக் கொண்டுபோனார். பூச்சி தின்று, தீப்பிடித்து, மறுபடி தழைக்கும் காடு பழைய அளவுக்கே திரும்புவதில்லை. எண்ணிக்கையும் வரிசையும் மாறும். ஆனாலும் அது காடாகவே இருக்கும். அசையாமல் நிற்பது வேறு, அழியாமல் தொடர்வது வேறு என்று அவர் பிரித்துக் காட்டிய பிறகுதான் நகரம், பொருளாதாரம், குடும்பம் என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பரவியது. ராக்பெல்லர் அறக்கட்டளை 2013-ல் தொடங்கிய 100 நகரத் திட்டத்தில் அடுத்த ஆண்டே சென்னையும் சேர்ந்தது.

இந்தப் பயணத்தில் ஒரு சிக்கல் நேர்ந்துவிட்டது. எஃகுக் கம்பியின் குணமாக இருந்த சொல் மனிதரின் குணமாக மாறியபோது, கம்பிக்கு யாரும் உதவ வேண்டியதில்லை என்ற எண்ணமும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. 2005-ல் கத்ரினா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரைப் புரட்டிப்போட்டது. பல ஆண்டு கழித்து அந்த ஊர்த் தெருக்களில் சுவரொட்டிகள் தோன்றின. எங்களை ரெசிலியன்ட் என்று சொல்வதை நிறுத்துங்கள், அப்படிச் சொல்லும்போதெல்லாம் எங்கள் தலையில் இன்னொன்றை ஏற்றலாம் என்று ஆகிவிடுகிறது என்பது அவற்றின் சாரம். புகழ்ச்சி எப்படிச் சுமையாகும் என்பது, வெள்ளத்துக்கு மறுநாளே கடை திறந்த எந்தச் சிறு வியாபாரிக்கும் தெரியும்.

முழுகிப்போன நகை

தமிழின் 'மீள்' எஃகிலிருந்து வரவில்லை. திரும்பி வருவதுதான் அதன் அடிப்படை. போன வழியிலிருந்து, சிறையிலிருந்து, நோயிலிருந்து, கடனிலிருந்து. நாள் முழுக்க நாம் சொல்லும் 'மீண்டும்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: மீண்டு, உம். திரும்பி வந்தும் என்று சொல்லித்தான் தமிழில் ஒரு காரியத்தை இரண்டாம் முறை செய்கிறோம். திரும்பவே முடியாததற்கும் இதே வேரில்தான் சொல் எடுக்கிறோம். மதுரைச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டும்போது 'மீளாத் துயர்' என்ற தொடர் இல்லாமல் முடிவதில்லை.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். அவள் மீண்டாள், தன்வினை. அவளை மீட்டார்கள், பிறவினை. மீள் என்ற வினைக்கு மீட்டல் என்ற இணை பிறந்ததிலிருந்தே உண்டு. துன்பத்திலிருந்து எழுவதைச் சொல்லும் மற்ற சொற்களையும் எடுத்துப் பாருங்கள். புண் ஆறுகிறது, மருந்து ஆற்றுகிறது. மனம் தேறுகிறது, உறவு தேற்றுகிறது. குடும்பம் எழுகிறது, ஒருவர் எழுப்புகிறார். வரிசையாக எல்லாமே இரட்டைகள். ஒருவர் தானாக வந்தார் என்று சொல்லும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கொண்டுவந்தவர் உட்கார இன்னொரு நாற்காலியை இந்த மொழி போட்டு வைத்திருக்கிறது. 'மீள்திறன்' என்று சொல்லும்போது அந்த இரண்டாவது நாற்காலி காணாமல் போய்விடுகிறது. மீள்வது ஒருவருக்குள் இருக்கும் திறன் என்றாகிவிட்டால், மீளாதவர் திறனில்லாதவர் என்றும் ஆகிவிடுமல்லவா?

இலக்கணம் தெரியாத வீட்டிலும் இந்த இரட்டை புழங்குகிறது. ஆடியில் விதைப்புக்கு அடகு வைத்த தோட்டையும் சங்கிலியையும் தையில் "திருப்பணும்" என்பார்கள் எங்கள் பக்கத்துப் பெண்கள். கடைச் சீட்டில் அதுவே 'மீட்பு'. கெடு தாண்டி ஏலத்துக்குப் போனால் "நகை முழுகிப்போச்சு" என்பார்கள். பெட்டகத்துக்குள் காய்ந்த இடத்தில் கிடந்த தங்கம் எந்தத் தண்ணீரிலும் விழவில்லை. ஆனாலும் முழுகியது என்றுதான் சொல்ல வருகிறது. என் அப்பத்தா ஒருமுறை முழுக இருந்த தண்டட்டியை மீட்டுவந்து, மாடத்தில் வைத்து விளக்கேற்றிக் கும்பிட்டதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பணம் கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர். மறுபடி கேட்கவே இல்லை என்று கடைசிவரை அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தத் தண்டட்டி தானாக மீண்டதாக அவள் ஒருநாளும் நினைக்கவில்லை.

இந்தச் சொல்லின் பழைய முகத்தைப் பார்க்க வைகைக் கரையோடு மேற்கே ஆண்டிபட்டிப் பக்கம் போக வேண்டும். புலிமான்கோம்பை. 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இந்தியாவில் கிடைத்த எழுத்துள்ள நடுகற்களில் மிகப் பழையவை அவை. அவற்றில் ஒன்று, கூடல் ஊரில் நடந்த ஆகோளில் பட்ட அந்தவன் என்பவனுக்கு நட்டது. ஆகோள் என்றால் மாட்டு மந்தையைக் கவர்வது. கவர வந்தவர்கள் வெட்சிப் பூச் சூடினார்கள், மீட்கப் போனவர்கள் கரந்தை சூடினார்கள் என்பது நம் பழைய இலக்கண மரபு. அந்தவன் கவரப் போனவனா, மீட்கப் போனவனா? கல் அதைச் சொல்லாமல் நிற்கிறது. ஆனால் மீட்பது என்ற செயலுக்குத் தனியாக ஒரு திணையும், தனியாக ஒரு பூவும் கொடுத்த சமூகம் அதைச் சின்ன விஷயமாக நினைத்திருக்க முடியாது. மந்தை தானாக ஊர் திரும்பாது. ஒருவன் போக வேண்டும், சில சமயம் அவன் திரும்பாமலே போகவும் வேண்டும்.

அதே ஆறும் தானாக மீண்டதில்லை. வறண்டு கிடந்த வைகைப் படுகைக்கு, மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த பெரியாற்றைத் திருப்பலாம் என்ற யோசனை ராமநாதபுரம் சேதுபதிகளின் அமைச்சர் முத்து இருளப்பப் பிள்ளை காலத்திலேயே, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தது. 1876-78 பஞ்சம் ஆட்களை வாரிக்கொண்டு போன பிறகுதான் அது வேலையாக மாறியது. 1887-ல் தொடங்கி, காட்டுக் காய்ச்சலில் தொழிலாளர்கள் மடிய மடிய, பொறியாளர் பென்னிகுவிக் தலைமையில் அணை கட்டி, 1895-ல் தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. தேனிப் பக்கத்து வீடுகளில் இன்றும் அவர் படத்துக்கு முன்னால் பொங்கல் வைக்கிறார்கள். மீட்டவரை மறக்கக் கூடாது என்ற பழைய கரந்தைக் கணக்குதான் அது.

பானையில் தேறும் நீர்

தேறு என்ற சொல்லுக்கு நான் கொஞ்சம் கூடுதலாக இடம் கேட்கிறேன். மதுரைப் பேச்சில் நோயாளி பிழைத்ததற்கு மீண்டார் என்று யாரும் சொல்வதில்லை. "ஆளு தேறிட்டாப்ல" என்பார்கள். பரீட்சையில் பாஸானவனும் தேறியவன்தான். வசூல் பார்க்கும்போது "எவ்வளவு தேறும்?" என்று கேட்கிறோம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் கலங்கிய நீர் இருக்கிறது. தேறுதல் என்றால் தெளிதல். வண்டல் அடியில் படிந்து, மேலே நீர் கண்ணாடி மாதிரி நிற்பது.

அந்த நீரைத் தேற்றுவதற்கென்றே ஒரு கொட்டை உண்டு. தேற்றாங்கொட்டை, பேச்சில் தேத்தாங்கொட்டை. ஆற்றில் புதுவெள்ளம் செந்நிறமாக வரும் நாளில் பானையின் உட்புறத்தில் அதை உரசித் தேய்த்து, கலங்கல் நீரை ஊற்றி வைப்பார்கள். கொட்டையிலிருந்து கரையும் பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று பிடித்துக் கனக்க வைக்கிறது, கனத்தது இறங்குகிறது. இதில் துள்ளல் எங்கேயும் இல்லை. பானையை அசைக்காமல் விட வேண்டும். நேரம் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டு மொண்டால் மறுபடி கலங்கும். சாவு வீட்டில் பதினாறு நாளும் யாராவது ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதை நாம் தேற்றுவது என்கிறோம். சொல் மிகச் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. அவர்கள் பெரிதாக எதுவும் பேசுவதில்லை. பானைச் சுவரில் உரசிய கொட்டையைப் போல அங்கே இருக்கிறார்கள்.

எமி வெர்னர் என்ற உளவியலாளர் ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடிப்பழக்கம், குடும்பச் சண்டை என்று பல சுமைகளோடு பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நல்ல மனிதர்களாக வளர்ந்தார்கள். என்ன காரணம் என்று தேடியபோது திரும்பத் திரும்பக் கிடைத்தவற்றில் ஒன்று, அந்தப் பிள்ளையின் வாழ்வில் நிலையாக அன்பு காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. பாட்டியாக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். ரெசிலியன்ஸ் பற்றிய ஆராய்ச்சிகளில் மிக மூத்த ஒன்று, சுற்றி வந்து தேற்றியவரிடம்தான் நிற்கிறது.

வளைந்த விரல்கள்

மீண்டவர், மீட்டவர் என்ற இரண்டு சொல்லும் ஒரே ஆளில் கூடியதை மதுரை கண்ணெதிரே பார்த்திருக்கிறது.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்தவர். கரிசல் காட்டு விவசாயக் குடும்பம். உறவுக்காரப் பெண்கள் அடுத்தடுத்துப் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துப் பிரசவ மருத்துவராக வேண்டும் என்று முடிவெடுத்தார். 1944-ல் சென்னை ஸ்டான்லி கல்லூரியில் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். முப்பதாவது வயதில் முடக்குவாதம் பிடித்தது. மூட்டுக்கு மூட்டு வீங்கி மாதக்கணக்கில் படுக்கை. எழுந்தபோது விரல்கள் நிரந்தரமாக வளைந்திருந்தன. பேனா பிடிக்க முடியாது. பிரசவம் பார்க்கும் கை போய்விட்டது.

ரெசிலியன்ஸ் என்ற சொல்லை நேர்ப்பொருளில் எடுத்தால் அவர் பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. விரல்கள் கடைசிவரை நிமிரவே இல்லை. அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். வளைந்த அந்தக் கைக்கு ஏற்ற கருவிகளை வைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்க மெல்ல மெல்லப் பழகினார். அந்த விரல்களால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவை சிகிச்சைகள் செய்தார். முழங்காலுக்கு மேல் வெட்டுப்பட்ட மல்லி, வெட்டின கிளையைத் திரும்ப வளர்ப்பதில்லை. கணுவில் இருந்து வேறொன்றை விடுகிறது. மறுதாம்புக் கரும்பும் அப்படித்தான். அறுத்த கரும்பு திரும்பாது, அடிக்கட்டையிலிருந்து அடுத்தது வரும். உழவர்கள் இதற்குச் சொல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று டாக்டர் வெங்கடசாமியின் கையை நினைக்கும்போது தோன்றுகிறது.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுக்குத் தலைவராக வந்தார். கிராமங்களுக்கு முகாம் கொண்டுபோனார். கண்புரையால் பார்வை போனவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். "புரை விழுந்திருச்சு" என்று சொல்லித் திண்ணையில் ஒதுங்கிக்கொண்டார்கள். கையில் தொழில் இருக்காது, கடைசியில் வீட்டில் பேச்சும் இருக்காது. 1976-ல், 58 வயதில், அரசுப் பணியிலிருந்து ஓய்வு. அந்த வயதில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கடன் கிடைக்கவில்லை. வீட்டை அடமானம் வைத்தார்கள். தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று உடன்பிறந்தவர்களும் உறவும் சேர்ந்துகொண்டார்கள். சேமிப்பைப் போட்டார்கள், நகைகளை அடகு வைத்தார்கள். மதுரையில் பார்வை மீட்டது அடகு வைத்த நகையிலிருந்துதான் தொடங்கியது என்பதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு மனசு ஆறாது.

அப்போதெல்லாம் புரையோடிய வில்லையை எடுத்துவிட்டுத் தடித்த சோடாப்புட்டிக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்புவார்கள். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ பழையபடி இருட்டு. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைக்கும் வழியை 1949-ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி தொடங்கி வைத்தார். போர் விமானத்தின் கண்ணாடிக் கூண்டு உடைந்து விமானிகளின் கண்ணில் தைத்த பிளாஸ்டிக் சில்லுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. காயத்திலிருந்து வந்த மருந்து. ஆனால் இறக்குமதி வில்லை 100 டாலர் அளவில் விலை சொன்னது, திண்ணைக் கிழவிக்கு அது எட்டாது. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி, 10 டாலர் அளவுக்கு அதை இறக்கினார்கள். இலவசமாகச் செய்தால்கூட ஏழைகள் வரமாட்டார்கள், பஸ் காசும் சாப்பாடும் துணைக்கு ஓர் ஆளும் இல்லாமல் கண் தெரியாதவர் எப்படிக் கிளம்புவார் என்பதைக் கண்டுகொண்டு, முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிவந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடும் முறையை வளர்த்தார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து மருத்துவமனையின் பெரும்பகுதி வேலையை அவர்கள் கையில் கொடுத்தார்கள். 2006 ஜூலையில் டாக்டர் வெங்கடசாமி காலமானபோது அந்த 11 படுக்கை, உலகத்தின் மிகப் பெரிய கண் மருத்துவ அமைப்புகளில் ஒன்றாகியிருந்தது.

கண்ணைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மனித உடம்பில் லத்தீன் சொல்லின் அசல் பொருளுக்கு மிக நெருங்கி வருவது கண்ணின் வில்லைதான். கிட்டப் பார்க்கும்போது குவிந்து, தூரப் பார்க்கும்போது தட்டையாகி, நாளெல்லாம் வடிவம் மாறித் திரும்பிக்கொண்டே இருக்கும். வயதாக ஆக இறுகி, அந்தக் குணத்தை இழக்கிறது. நாற்பதைத் தாண்டியதும் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடிக்கிறோம். வெள்ளெழுத்து என்று அழகாகப் பெயர் வைத்தார்கள். சாளேசுரம் என்ற பழைய பெயர், வடக்கே நாற்பதைக் குறிக்கும் சாலீஸ் என்ற சொல்லோடு உறவுள்ளது. வில்லை தன் துள்ளலை இழந்த பிறகு யாரோ செய்த கண்ணாடி மூக்கில் ஏறுகிறது. நீங்கள் இதைப் படிப்பதும் ஒருவேளை அப்படித்தான்.

வந்தியின் பங்கு

மதுரைக்காரர்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த ஒரு கதையில் இதெல்லாம் முன்பே இருக்கிறது. சிவனின் திருவிளையாடல்களில் ஒன்று. வைகை உடைப்பெடுத்து ஊருக்குள் வருகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் உத்தரவு. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்குப் பிள்ளை இல்லை, உறவு இல்லை. உத்தரவுக்கு அது தெரியாது. எல்லா வீட்டுக்கும் அளந்தது போல அவளுக்கும் ஒரு பங்கு அளந்துவிட்டது.

இந்தக் கதையை நாம் கடவுளின் விளையாட்டாகவே கேட்டு வளர்ந்தோம். எனக்கு இப்போது அந்த உத்தரவு முதலில் கண்ணில் படுகிறது. அன்றைக்குச் சபையில் யாராவது மதுரை மக்களின் மீள்திறனைப் பற்றிப் பேசியிருந்தால் வந்தியும் அதில் அடக்கம். அவள் மீண்டாக வேண்டும், அதற்கு அவள் கையில் என்ன இருக்கிறது என்பது கணக்கில் இல்லை. சும்மாடும் மண்வெட்டியுமாகச் சிவனே ஒரு கூலியாளாகத் தெருவில் வந்து, கூலிக்கு ஆள் வேண்டுமா என்று கேட்கும்போதுதான் கதை அவள் பக்கம் திரும்புகிறது. உதிர்ந்த பிட்டுதான் கூலி. அவன் ஒழுங்காகவும் வேலை செய்யவில்லை, ஆடினான், பாடினான், தூங்கினான். பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி பாண்டியன் முதுகிலும், அரசி முதுகிலும், ஊரில் உள்ள ஒவ்வொரு உயிரின் முதுகிலும் விழுந்தது.

ஆள் இல்லாத ஒருத்தியின் பங்கு அடைபடாவிட்டால், அந்த ஓட்டை வழியாக வருகிற தண்ணீர் எல்லார் வீட்டுக்கும்தான் வரும். கண்மாய்க் கரையில் நிற்கும் யாருக்கும் இது தெரியும். உடைப்பு எங்கே என்று பார்ப்பார்களே தவிர, யார் பங்கு என்று அந்த நேரத்தில் பார்க்க மாட்டார்கள். குடிமராமத்து என்று ஊர்கூடிச் செய்த வேலைக்குப் பின்னால் இருந்ததும் அந்த அறிவுதான். மறுகால் பாய்ந்தால் ஊரே போய் வேடிக்கை பார்ப்பதும், கரை கசிந்தால் ஊரே மண் அள்ளிப் போடுவதும் ஒரே கண்மாயில் நடந்தவை.

ஆவணி மூலத்தன்று மதுரை மேற்கே, ஆரப்பாளையம் பக்கம் புட்டுத்தோப்பில் அந்த நாளை இன்றும் நடத்துகிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து சுந்தரேசுவரர் புறப்பட்டு, வைகைக் கரையோரம் வந்தியின் பெயரால் இருக்கும் அந்த இடத்துக்கு வருகிறார். அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மண் சுமக்கும் சடங்கு நடக்கிறது. கூட்டம் இறைவனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறது. சுற்றிலும் தெருவெங்கும் பிட்டு விற்கிறார்கள். வாங்கின பொட்டலத்தைப் பிரிக்கும்போது கொஞ்சம் உதிர்ந்து கீழே விழும். கூடவந்த பாட்டிகள் அதை ஒரு துணுக்குகூட விடாமல் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்து, பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் வாயில் போடுகிறார்கள்.